கடைசி வீட்டைக் காட்டியவர்

மண்டல அலுவலகத்து மாடி ஹாலுக்கு அன்று எங்கள் பதினோரு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. தறியை நிறுத்திவிட்டு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து வந்து குடியேறிய, தறிக்குப் பாவு நூல் பிணைக்கிற அண்ணன், கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையில், மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓடையோரத்து அக்கா இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தார். சங்ககிரி லாரிகளில் போகிற இரண்டு பேர் வண்டியோடு வடநாட்டில் எங்கோ இருந்ததால் அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உதவி ஆணையர், நில அளவையர், தட்டச்சு செய்ய ஒரு பெண். வராதவர் ஒருவர்தான். அவர் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்வார் என்பதற்காகத்தான் நாங்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம்.

விஷயம் இதுதான். மாநகராட்சி வார்டுகளை மறுபடி பிரித்து எல்லை போட்டிருந்தார்கள். எங்கள் வார்டு கோயில் தெருவின் கடைசி வீட்டோடு முடிகிறது. வேறு மண்டலத்தைச் சேர்ந்த பக்கத்து வார்டு ஓடைக்கு அந்தக் கரையிலிருந்து தொடங்குகிறது. வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தது. கடைசி வீடு என்று அவர்கள் குறித்திருந்தது வேப்பமரத்து வீட்டை. வேப்பமரத்துக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பதினோரு வீடு இந்த வார்டிலும் இல்லை, அந்த வார்டிலும் இல்லை. புதுக் குடிநீர்க் குழாய் வார்டு வார்டாகப் பதிக்கப்படும் என்று அறிவித்திருந்தார்கள். எல்லை மாறாவிட்டால் குழாய் வேப்பமரத்தோடு நின்றுவிடும்.

அந்த வீட்டைக் கடைசி வீடு என்று அதிகாரிகளுக்குக் காட்டியவர்தான் அன்று வராதவர். மனுக் கொடுக்கப் போனபோது உதவி ஆணையரே என்னிடம் சொல்லியிருந்தார்: "இடத்தைக் காட்டினவரைக் கூட்டிட்டு வாங்க தம்பி. தப்பாக் காட்டிட்டேன்னு அவர் வாயால சொன்னா மாத்திக்கலாம். நீங்க சொன்னா, உங்க வீட்டுக்காகச் சொல்றீங்கன்னு ஆயிடும்."

எங்கள் முறை வந்ததும் உதவி ஆணையர் கேட்டார். "இடத்தைக் காட்டினது யாருங்க?"

"வந்துட்டே இருக்காருங்க" என்றார் அப்பா.

எங்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு தெருக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டு, மறுபடி கேட்டார்கள். அப்பா மறுபடி அதையே சொன்னார். அக்காவின் குழந்தை அழத் தொடங்கியது. நான் வாசலுக்கும் மாடிக்குமாக ஓடினேன். போன் போட்டால் மணி அடித்தது, எடுக்கவில்லை.

அவர் எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். யாரோ அவரிடம் வழி கேட்டிருப்பார்கள்.

அவரிடம் வழி கேட்டால் அவர் வழி சொல்ல மாட்டார். "வாங்க, காட்டறேன்" என்று முன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார். நூல் கடையிலிருந்து தறிப் பட்டறைகளுக்கு மொபெட்டில் நூல் மூட்டை கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். மூட்டையை வண்டியோடு வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். பட்டறையில் பாவு ஓடாமல் நிற்கும். முதலாளி போனில் கத்துவார். அவர் நாலு தெரு தள்ளி, யாரோ ஒருவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டு வாசலில் நின்று, "இந்த ஊடுதானுங்க, நீங்க உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து ஆள் வந்து "வாங்க" என்று கூப்பிடும்வரை அங்கிருந்து நகர மாட்டார்.

தெருவில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர். அவர் யாருக்கும் கையைக் காட்டியதே இல்லை என்பதால் அந்தப் பெயர்.

"கைய நீட்டிச் சொல்லீட்டுப் போகவேண்டியதுதானுங்க மாமா" என்று ஒருமுறை கேட்டேன். எங்களுக்கு அவர் உறவில்லை. மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம்.

"கைய நீட்டிச் சொன்னா பாதிதான் சாமி அவங்களுக்குப் போய்ச் சேரும். மீதி நம்ம கையிலயே நின்னுக்கும்."

இதனால் நல்லதும் நடந்திருக்கிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் குடும்பம் எப்படி என்று ஓசைப்படாமல் விசாரித்துப் போக, குமாரபாளையத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். டீக்கடையில் அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, "இன்னார் வீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றிருக்கிறார்கள். "நான் எதுக்குங்க சொல்லோணும்? நீங்களே பாருங்க, வாங்க" என்று நேராக அந்த வீட்டுக்கே கூட்டிப்போய் நிறுத்திவிட்டார். பெண்ணின் அம்மா தலையில் எண்ணெய் வழிய, கிழிந்த நைட்டியோடு சாணி கரைத்துக்கொண்டிருந்தார். பெண் தறியில் இழை பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "யாராயிருந்தாலும் செருப்பக் கழட்டீட்டு வாங்க, பாவு கீழ கெடக்குது" என்று சத்தம் போட்டிருக்கிறாள். அந்தச் சத்தம் பிடித்துப்போய்த்தான் கல்யாணம் முடிந்தது என்று இன்றும் அந்த மாமனார் சொல்கிறார்.

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை. போர்வெல் ரிக் வண்டியில் ஆந்திரா பக்கம் போன பையன் ஒருவன், வேலை தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்து தன் பெரியம்மா வீட்டில் ஒளிந்திருந்தான். திருச்செங்கோட்டிலிருந்து ஏஜெண்ட் இரண்டு ஆளோடு தேடி வந்தார். தெருவில் எல்லோருக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இவர் மூட்டையோடு வந்து சேர்ந்தார். கேட்டார்கள். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

அந்தப் பையனை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியபோது அவன் பெரியம்மா தெருவில் நின்று இவரைத் திட்டினார். "உன்ற நாக்குல புத்து வெக்க! வாய மூடிக்கிட்டு இருந்தா உனக்கு என்னடா கொறஞ்சு போகுது?" இவர் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டாங்களேம்மா... கேட்டவங்ககிட்ட எப்படித் தெரியாதுங்கறது?" என்றார். அன்று முழுக்க மூட்டை போடவில்லை. அந்தப் பையனின் தட்டு, துணி, போர்வை எல்லாம் விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போய், எந்த ரிக், எந்த ஊர் என்று விசாரித்துக் கொடுத்தனுப்பிவிட்டு வந்தார்.

அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது கல்லூரியில் படித்தபோது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வரலாறு எடுத்திருந்தேன். கடைசி வருடம் ஆளுக்கொரு ஆய்வு எழுத வேண்டும். மற்றவர்கள் கோட்டை, கோயில் என்று போனார்கள். நான் எங்கள் நகரத்து வார்டுகளின் வரலாறு என்று எடுத்தேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கதவு. அதில் மூன்று எண் பலகைகள் இருந்தன. ஊராட்சி அடித்தது ஒன்று, மாநகராட்சி அடித்தது ஒன்று, அதற்கும் பிறகு அடித்தது ஒன்று. வீடு ஒரு அடிகூட நகரவில்லை. எண் மட்டும் இரண்டுமுறை குடிபெயர்ந்திருந்தது.

படித்ததில் தெரிந்தது கொஞ்சம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கோட்டை, அந்தப் பக்கம் பேட்டை, அங்கங்கே நெசவுக்காரர் குடியிருப்புகள். வெள்ளைக்காரன் காலத்தில் அவற்றை ஒன்றாகக் கட்டி நகராட்சி என்றார்கள். பிறகு ரயிலடிப் பக்கம் தனி நகராட்சியாக வளர்ந்தது. மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாம் உள்ளே வந்தன. எங்கள் ஊராட்சியும் அப்படி வந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. வந்தவற்றையெல்லாம் நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். மண்டலத்துக்குள் வார்டு. மக்கள் பெருகப் பெருக வார்டுக் கோடு இங்கும் அங்குமாக நகர்ந்தது. கோடு நகர்ந்தால் ரேஷன் கடை மாறும், ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் மாறும், குப்பைக்கு வருகிற ஆள் மாறுவார்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மூட்டையின் மேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஆபீசுக்கு சாமி. ஊருக்கு எல்லை வேற" என்றார்.

"என்னங்க மாமா வேற?"

"எந்தப் பேட்டையா இருந்தாலும் அந்தந்த அம்மன் எங்க திரும்புதோ அதோட அந்தப் பேட்டை முடிஞ்சுது. ஆடிக்குச் சப்பரம் பொறப்படுதில்ல? ஊடு ஊடா நின்னு தட்டு வாங்கும். கடைசித் தட்டு வாங்குனதும் திரும்பீரும். அதுக்கு அக்கட்டால வேற ஊரு."

அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆய்வில் ஒரு அத்தியாயமாகவே எழுதினேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'அருமை' என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் தெரு அம்மன் எங்கே திரும்பும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வேப்பமரத்தில்தான் திரும்பும். எங்கள் வீட்டு வாசலுக்குச் சப்பரம் வந்ததே இல்லை. நாங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிற பழைய குடிகள் கிடையாது. ஜலகண்டாபுரத்திலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் தறி வேலைக்கு வந்து, ஓடை ஓரத்தில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள். அந்த இடத்தை எங்கள் அப்பாவுக்குக் காட்டியதே அவர்தான்.

அளக்க வந்தவர்கள் ஒரு ஆடி மாதத்தில் வந்தார்கள். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. நில அளவையரும் கையில் டேப்லட் வைத்திருந்த இரண்டு இளைஞர்களும் டீக்கடையில் நின்று, "இந்தத் தெருவோட கடைசி வீடு எதுங்க?" என்று கேட்டார்கள். டீ மாஸ்டர் அவரைப் பார்த்தார். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

வேப்பமரம் வரைக்கும் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாராம். அம்மா அப்போது எங்கள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"இதுதானுங்க கடைசி ஊடு."

"அதோ, அந்த வீடெல்லாம்?"

"அது ஓடக்காடுங்க."

"அது எந்தத் தெருவுல வரும்?"

"தெருன்னு இல்லீங்க. ஓடக்காடுன்னு சொல்லுவோம்."

அந்த இளைஞன் எதையோ தட்டினான். அவ்வளவுதான்.

வரைவு வெளியானதும் நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். வேப்பமரத்திலிருந்து கோயில் பக்கமாக இரண்டாவது வீடு அவருடையது. அவர் மனைவியை அத்தை என்போம். அத்தை வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊருக்கே வழி காட்டுன மனுசன் பக்கத்து ஊட்டக் காட்டத் தெரியாம நின்னுட்டாராக்கும்" என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போய்விட்டது. "நீங்க எல்லாம் என்ற தெருதான் சாமி."

"அப்பறம் ஏனுங்க மாமா அப்படிச் சொன்னீங்க?"

"கடைசி ஊடு எதுன்னு கேட்டாங்க. நடந்து போனேன். மரத்தடிக்குப் போனதும் கால் தானா நின்னுருச்சு. அதுக்கு மேல போகோணும்னே தோணல."

அது பொய்யில்லை என்று தெரிந்தது. அதனால்தான் அதிகம் வலித்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். ஒரு மனிதனுடைய கால் தானாக நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். இத்தனை வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்திருக்கிறார். அப்பா காய்ச்சலில் கிடந்தபோது தறியில் நின்றிருக்கிறார்.

அம்மாவுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. "அவரு என்னடா பண்ணுவாரு? நம்மூட்டுக்கு என்னைக்குச் சாமி வந்துது?" என்றுவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஹாலுக்கு வந்து சொல்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அன்று காலையில் எங்களுக்கு முன்பே குளித்து, விபூதி பூசி, மொபெட்டில் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வந்த நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அவர் வரவில்லை.

கடைசித் தெருவையும் விசாரித்து முடித்துவிட்டு, தட்டச்சுப் பெண் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது படியில் சத்தம் கேட்டது. வேர்த்து ஊற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"முடிஞ்சு போச்சுங்களா?"

 ஏன் தாமதம் என்று அவரே சொன்னார். ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்கள், வயதான புருஷன் பெண்டாட்டி, பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டார்களாம். அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியதாம். முதலில் அந்தம்மாவைக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய், சீட்டு வாங்கிக் கொடுத்து, டாக்டர் இருக்கிற அறை வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்தாராம்.

பாவு பிணைக்கிற அண்ணன், "ஆட்டோ ஏத்தி உட்டிருக்கலாமில்லீங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"அவங்களுக்கு இந்த ஊரு ஒன்னும் தெரியலீங்க" என்றார் அவர்.

உதவி ஆணையர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து பார்த்தோம். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கடைசி ஊடு ஓடையோரத்து ஊடுங்க. நான்தானுங்க தப்பாச் சொல்லீட்டேன்" என்று சொன்னார். உதவி ஆணையர் கேட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்து குறிப்பில் கையெழுத்தாகிவிட்டது என்றார். எழுதிக் கொடுங்கள், அனுப்பிவைக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தோம். எழுத்தில் எனக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. அதற்கு முன்பே கோப்பு சென்னைக்குப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். சென்னைக்கு எழுதினேன். உங்கள் மண்டல அலுவலகத்தை அணுகவும் என்று பதில் வந்தது. இந்த மண்டலத்தில், நீங்கள் பக்கத்து மண்டலம் என்றார்கள். பக்கத்து மண்டலத்தில், எங்கள் எல்லை ஓடைக்கு அந்தக் கரையிலிருந்துதானே என்றார்கள். யாரும் எங்களிடம் கெட்ட வார்த்தை பேசவில்லை. உட்காரச்சொல்லித்தான் பேசினார்கள்.

குழாய் வந்தது. வேப்பமரத்தோடு நின்றது. குப்பை வண்டியும் அங்கேயே திரும்பியது. தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்புகள்கூட மைக்கில் கும்பிட்டுக்கொண்டே அங்கேயே திரும்பின. எங்களுக்கு ஓடையோரத்து அடிபம்பில் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்கினோம்.

அவர் பாதித் தூரத்தில் விடுகிற ஆளில்லை. தன் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு நீளக் குழாயை மாட்டி, வேப்பமரத்தைத் தாண்டி எங்கள் பக்கம் இழுத்துவிட்டார். நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்கள். அன்று எங்கள் பதினோரு வீட்டுப் பெண்களும் குடங்களோடு வரிசையில் நிற்பார்கள். அவர் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு குடம் குடமாக நிரப்புவார். "நிறுத்துங்க மாமா, வழியுது" என்று அக்கா சிரிப்பார். எங்கள் அம்மா முதல் குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் ஒரு சொம்பு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஆனால் எங்கள் பக்கம், ஓடை வெள்ளத்துக்குப் பயந்து மண் கொட்டி உயர்த்திய மேடு. தண்ணீர் ஏறிவர மாட்டேன் என்றது. கடைசி மூன்று வீட்டுக்கு அரைக் குடம்கூடச் சேரவில்லை. அவர் ஒரு சின்ன மோட்டாரை வாங்கிவந்து குழாயில் மாட்டினார். மாட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். "பிடிச்சா அபராதமுங்க மாமா" என்று நான் சொன்னேன்.

"கடைசி ஊட்டுக்குப் போகலீன்னா அப்பறம் எதுக்குச் சாமி?" என்றார்.

கடைசி வீட்டுக்கும் தண்ணீர் போனது. தெருவின் மேல்பக்கம் இருந்த வீடுகளில் குழாய் காற்று விட்டது. அவர்கள் கத்தியதும் நியாயம்தான். கோயில் வரி கொடுக்கிற பழைய குடிகள், தங்கள் வாசலில் நின்று எங்கள் குடங்கள் போவதைப் பார்த்தார்கள். யாரோ புகார் செய்தார்கள். யார் என்று இன்றுவரை நாங்கள் விசாரிக்கவில்லை.

சோதனைக்கு வந்தவர்கள் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். இவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். "பெரியவரே, இந்தத் தெருவுல எந்த வீட்லயோ மோட்டார் போட்டு எடுக்கறாங்களாமே, எந்த வீடுங்க?"

டீ மாஸ்டர் கண்ணைக் காட்டினாராம். இருமினாராம். கரண்டியைக் கீழே போட்டாராம். இவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து முன்னால் நடந்தார்.

அத்தை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

"மோட்டார் இருக்கற ஊட்டக் கேட்டாங்க."

"அதுக்கு?"

"நம்ம ஊட்லதான இருக்குது."

வந்த அலுவலருக்கே ஒன்றும் புரியவில்லை. "இது உங்க வீடாங்க?"

"ஆமாங்க."

"அப்ப எங்களை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீங்க கேட்டீங்களே" என்றார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு, சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அலுவலர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு தன் வேலையைச் செய்தார். மோட்டாரைக் கழற்றினார்கள். வாசலில் ரோட்டை வெட்டி இணைப்பைத் துண்டித்தார்கள். நாங்கள் பதினோரு வீட்டு ஆட்களும் வேப்பமரத்துக்கு எங்கள் பக்கமாக நின்று பார்த்தோம். யாரும் மரத்தைத் தாண்டிப் போகவில்லை. போயிருக்கலாம். 

மூட்டு வலியோடு அத்தையால் அடிபம்புக்கு நடக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜலகண்டாபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் கூடிப் பேசினோம். "நமக்காகப் போட்ட மோட்டாரு. நாமதான் கட்டோணும்" என்றார் அப்பா. யாரும் மறுக்கவில்லை. இனிமேல் இந்த வீட்டுக் குழாயிலிருந்து வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்று மாநகராட்சியில் உறுதி எழுதிக் கேட்டார்கள். அந்த உறுதியை என் கையால்தான் எழுதினேன். அவர் சார்பில் கட்டவேண்டியதைக் கட்டி, இணைப்பை வாங்கி, அவரைக் கூப்பிட நானும் அப்பாவும் ஜலகண்டாபுரம் போனோம்.

மகள் வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த ஒரு பையன் அவரிடம், "தாத்தா, சைசிங் மில்லுக்கு எப்படிப் போகோணும்?" என்று கேட்டான்.

"தெரியாதுங்க சாமி" என்றார். "நான் இந்த ஊரு இல்லீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இணைப்பு வந்துவிட்டது, ஊருக்கு வாருங்கள் என்று அப்பா சொன்னார். எழுதிக் கொடுத்த உறுதியைப் பற்றியும் சொல்லவேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப உங்க பக்கம் போகாதுங்களா?"

"போகாதுங்க" என்றார் அப்பா.

"அப்பறம் நான் வந்து என்னங்க பண்றது? நீங்க தண்ணிக் கேனத் தூக்கீட்டு என்ற வாசல்லதான போவீங்க. நான் உள்ள உக்காந்து அந்தத் தண்ணிய எப்படிக் குடிக்கறது?" என்றார்.

அத்தை காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, வாரோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் ஊருக்கு வரவில்லை. போன வருடம் மகள் வீட்டிலேயே இறந்துபோனார்.

அவர் வீடு பூட்டியே இருக்கிறது. தண்ணீர் விடுகிற நாளில் அந்த வாசல் குழாய்க்குள் தண்ணீர் வந்து முட்டுகிற சத்தம் வெளியில் கேட்கும். திறக்க ஆளில்லை. அபராதம், மறு இணைப்புக் கட்டணம், ரோட்டை வெட்டி மூடிய கூலி எல்லாம் சேர்த்து நாங்கள் கட்டியது வீட்டுக்கு ஆயிரத்து எழுநூறு. பதினோரு வீட்டுக்கும் பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய்.